படுத்தேன் என்றுதான் சொன்னேன்

பொய் சொல்லாத மனுஷன் என்று பள்ளியில் எனக்கு ஒரு பெயர் உண்டு. முப்பது வருடமாக இயற்பியல் நடத்துகிறேன். செய்முறைத் தேர்வில் வராத விடையை வந்ததாக எழுதும் பையனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன். அப்படிப்பட்ட நான் போன வருடம் ஒரு டாக்டரை நான்கு நாள் ஒரே ஒரு வினைச்சொல்லை வைத்துக்கொண்டு ஏமாற்றினேன். அந்த நாட்களையும், அதற்குப் பிறகு தூங்கக் கற்றுக்கொண்ட ஆறு வாரத்தையும் எழுதி வைக்கச் சொன்னது என் மனைவி மெர்சி. "உங்களை மாதிரி இன்னும் எத்தனை பேர் இருக்காங்களோ, படிச்சாவது திருந்தட்டும்" என்றாள்.

மாடல் தேர்வு நடந்துகொண்டிருந்தது. மதியம் இரண்டரை மணிக்கு மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். தலைக்கு மேல் மின்விசிறி, எதிரே குனிந்த தலைகள். கண் ஒரு நொடி செருகியது தெரியும். அடுத்து நினைவு வந்தபோது தரையில் கிடந்தேன். மேஜை முனை இடது புருவத்தைக் கிழித்திருந்தது. முதல் பெஞ்சுப் பெண் விடைத்தாளை விட்டுவிட்டு அழுதுகொண்டிருந்தாள். அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே நெஞ்சில் ஒரு படபடப்பு. ஒரு துடிப்பு தவறிப் போய் அடுத்தது தடாலென்று விழுகிற மாதிரி இருக்கும். வாயு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கேம்ப் ரோடு நெரிசலில் ஆட்டோ ஊர்ந்து, தாம்பரத்தில் ஒரு மருத்துவமனையில் கொண்டு சேர்த்தது. ரத்த அழுத்தம் நூற்றுத் தொண்ணூறுக்கு நூற்றுப் பத்து. ஐம்பத்தாறு வயது, நெஞ்சுப் படபடப்பு, மயக்கம் என்று மூன்றையும் கேட்டதும் என்னை நடக்கக்கூட விடவில்லை, சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். புருவத்தில் நான்கு தையல். இதயத் தசை அடிபட்டிருந்தால் ரத்தத்தில் தெரியுமாம், அதற்கு ஒரு சோதனை. ஈ.சி.ஜி. இரண்டு முறை. இதய டாக்டர் ஒரு பெண்மணி, என் பழைய மாணவி வயதுதான் இருக்கும். எல்லாவற்றையும் விசாரித்துவிட்டு, "தூக்கம் எப்படி சார்?" என்று கேட்டார்.

"பத்து மணிக்குப் படுத்துடுவேன் டாக்டர். அஞ்சரைக்கு எழுந்துடுவேன்."

அவர் 'தூக்கம் ஏழரை மணி நேரம்' என்று எழுதிக்கொண்டார். நான் தலைகீழாகப் படித்தேன். ஆசிரியர்களுக்கு அந்தப் பழக்கம் உண்டு.

நம் ஊரில் படுப்பதும் தூங்குவதும் ஒரே சொல்தான். "அவர் படுத்துட்டாரு" என்றால் தூங்கிவிட்டார், எழுப்பாதே என்று பொருள். பத்து மணிக்குப் படுத்தது சத்தியமான உண்மை. ஐந்தரைக்கு எழுந்ததும் உண்மை. நடுவில் என்ன நடந்தது என்று அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. படுத்தேன் என்றுதான் சொன்னேன்.

நடுவில் நடந்தது இதுதான். எங்கள் ஒரே மகள் ஷீபாவுக்கு ஓ.எம்.ஆர். சாலையில் ஒரு கம்பெனியில் வேலை. அமெரிக்க நேரத்துக்கு ஓடுகிற அலுவலகம். மாலை ஐந்து மணிக்கு உள்ளே போனால் இரவு இரண்டுக்கு வெளியே வருவாள். கம்பெனி கேப் அவளை சேலையூரில் எங்கள் வீட்டு வாசலில் இறக்கிவிடும்போது மூன்று, மூன்றேகால் ஆகும். கடைசியாக இறங்குவது பெண்ணாக இருந்தால் கூடவே ஒரு காவலாளி வர வேண்டும் என்று விதி. அவரும் வருவார். இருந்தும் என் கண் மூடாது. கேப் எங்கே வருகிறது என்று போனில் காட்டும்படி அவள் வைத்துக் கொடுத்திருந்தாள். போர்வைக்குள் போனை ஒளித்துக்கொண்டு அந்த நீலப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மேடவாக்கம், சந்தோஷபுரம், கௌரிவாக்கம், ராஜகீழ்ப்பாக்கம். புள்ளி எங்காவது நின்றால் என் மூச்சும் நிற்கும். வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்து போய்க் கேட்டைத் திறப்பேன். "இப்பதான் தண்ணி குடிக்க எழுந்தேன்" என்பேன். மூன்று வருடமாக தினமும் அதே நேரத்துக்கு எனக்குத் தாகம்.

இதை ஏன் டாக்டரிடம் மறைத்தேன் என்றால், அந்த வேலைக்கு வீட்டில் வக்கீல் நான் ஒருவன்தான். படப்பையில் இருக்கும் என் எஸ்தர் அக்கா, "பொம்பளப் புள்ளைய நடுராத்திரில ரோட்டுல விட்டுட்டு உனக்கு எப்பிடிடா சோறு இறங்குது?" என்று வாரா வாரம் போனில் கேட்பாள். மெர்சியும் முதலில் அக்கா கட்சி. "என் பொண்ணு வேலை பார்க்கப் போறா, இதுல ராத்திரி என்ன பகல் என்ன" என்று சர்ச் வாசலில் நின்று முழங்கியவன் நான். இப்போது என் நெஞ்சு கெட்டதே அந்த வேலையால்தான் என்று தெரிந்தால், அன்றைக்கே அவள் வேலைக்கு முடிவு கட்டிவிடுவார்கள். அவளுக்கு அந்த வேலை பிடிக்கும். இன்னும் ஒரு வருடம் தாக்குப் பிடித்தால் குழுத் தலைவியாகிப் பகல் வேலைக்கு மாறலாம். என் வாயால் அதைக் கெடுக்க எனக்கு மனசில்லை.

மறுநாள் எக்கோ. நெஞ்சில் ஜில்லென்று ஒரு களிம்பைத் தடவி, ஒலி அலையால் இதயத்தைத் திரையில் காட்டுகிற சோதனை. ஒலி அலைகளை இத்தனை வருடம் நடத்தியவன், அன்று என் வால்வு திறந்து மூடுவதைப் பார்த்துவிட்டு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. பயம்தான். அடுத்து டிரெட்மில். ஒயர்களை மாட்டிக்கொண்டு ஓடும் பட்டை மேல் நடக்க வேண்டும். காத்திருக்கும் கூடத்தில் வேட்டியை மடித்துக் கட்டின பெரியவர்களும் நானும் ஷூ இல்லாமல் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். மெர்சி என் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். ஜெபம் செய்கிறாள் என்று தெரிந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. அதுதான் டாக்டருக்குப் புதிர். "இன்னும் காரணம் புரியல சார். தேவைப்பட்டா ஆஞ்சியோ பார்த்துடலாம்" என்றார். மணிக்கட்டு வழியாக ஒரு மெல்லிய குழாயை விட்டு, இதய ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று படம் எடுப்பது. என்னுடைய ஒரு சொல்லை மறைக்கக் கையில் குழாய் விட்டுக்கொள்ளும் அளவுக்கு வந்துவிட்டேன். அப்போதும் வாய் திறக்கவில்லை. தரை துடைக்க வந்த ஆயாம்மா மட்டும் என்னைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார்: "இன்னா சார், கண்ணு இப்டி செவந்துகீது? நைட்டெல்லாம் முழிச்சிகினே கெடந்தியா?"

"புது இடம்ல, அதான்மா" என்றேன்.

மூன்றாம் நாள் காலையில் ஹோல்ட்டர் மாட்டினார்கள். நெஞ்சில் சில ஒட்டுகள், இடுப்பில் ஒரு சின்னப் பெட்டி. ஒரு நாள் முழுவதும் இதயத் துடிப்பைப் பதிவு செய்துகொண்டே இருக்கும். கூடவே ஒரு தாள் கொடுத்தார்கள். எப்போது சாப்பிட்டீர்கள், எப்போது நடந்தீர்கள், எப்போது படபடப்பு வந்தது என்று நோயாளியே குறிக்க வேண்டும். முதல் இரண்டு நாள் ஷீபா லீவு போட்டிருந்தாள். அன்று நான்தான் விரட்டி வேலைக்கு அனுப்பினேன். வழக்கம்போல் மருத்துவமனைப் போர்வைக்குள்ளும் நீலப் புள்ளி ஊர்ந்தது.

விடிந்ததும் கல்பனா சிஸ்டர் தாளை வாங்கிப் பார்த்தார். "எல்லாம் அழகா எழுதியிருக்கீங்க சார். கடைசி வரி மட்டும் காலியா இருக்கே."

கடைசி வரியில் 'தூங்கிய நேரம்' என்று அச்சடித்திருந்தது.

"படுத்த நேரம்னு போடட்டுமா சிஸ்டர்?"

"படுத்த நேரம் இல்ல சார். தூங்கின நேரம்."

பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். வாயால் வழுக்கிவிடலாம். காகிதத்தில், என் கையெழுத்தில், வராத விடையை எழுத என்னால் முடியவில்லை. 'அதிகாலை 3.20' என்று எழுதினேன். 'விழித்த நேரம் 5.00' என்றும் எழுதினேன்.

"நேத்து மட்டுமா சார்?"

"மூணு வருஷமா" என்றேன். சொன்னதும் தோளிலிருந்து என்னவோ இறங்கியது.

மதியம் டாக்டர் ஹோல்ட்டர் பதிவோடு வந்தபோது எங்கள் வீட்டுப் பெண்கள் மூவரும் அறையில் இருந்தார்கள். எஸ்தர் அக்கா ரசம் சாதம் கொண்டுவந்திருந்தாள். ஷீபா வேலைக்குக் கிளம்பும் முன் எட்டிப் பார்க்க வந்திருந்தாள்.

"ராத்திரி ரெண்டே முக்காலுக்குப் படுத்த இடத்துலயே எங்க சார் ஓடுனீங்க?" என்று கேட்டார் டாக்டர். பதிவில் அந்த நேரத்தில் துடிப்பு எகிறியிருந்தது. நடுநடுவே கூடுதல் துடிப்புகள். வரிசையில் முண்டியடித்து முன்னால் வரும் பையன் மாதிரி, முறை வரும் முன்பே ஒரு துடிப்பு கிளம்பிவிடுமாம். நல்ல இதயத்தில் அதனால் பெரிய ஆபத்து இல்லை, ஆனால் தூக்கம் கெட்டால் அதிகமாகும், ரத்த அழுத்தமும் ஏறும் என்று விளக்கினார். தேர்வு அறையில் நான் மயங்கி விழவில்லை, உட்கார்ந்தபடியே தூங்கி விழுந்திருக்கிறேன். இப்போதைக்கு ஆஞ்சியோ வேண்டாம் என்றார். பிறகு எல்லார் முன்னாலும் நீலப் புள்ளிக் கதை வெளியே வந்தது.

அக்கா ஒரே வரியில் முடித்தாள். "பொண்ணு வேலைய விடட்டும். அவ்ளோதான்."

ஷீபா யாரையும் பார்க்காமல், "விட்டுடறேன் டாக்டர்" என்றாள். தண்ணீர் தாகம் என்று நான் சொன்ன எல்லா இரவுகளும் அவள் முகத்தில் தெரிந்தன.

"விடக் கூடாது!" என்று கத்திவிட்டேன். பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார்.

டாக்டர் நிதானமாகக் கேட்டார்: "நீங்க முழிச்சிருந்தா டிரைவர் நல்லா ஓட்டுவாரா சார்?"

வகுப்பில் இப்படி ஒரு கேள்விக்கு விழிக்கும் பையனை நான் விட்டிருக்க மாட்டேன்.

ஆறு வாரம் தவணை கொடுத்தார். மாத்திரை ஒன்று, மீதி பழக்கம். ஷீபா தன் பங்குக்கு ஒரு நிபந்தனை போட்டாள். "ஆறாவது வாரம் பிரஷர் நூத்து நாப்பதுக்குக் கீழ வரலைன்னா ரிசைன் பண்ணிடுவேன்பா. அப்புறம் நீங்க எதுவும் சொல்லக் கூடாது." நான் தூங்கினால் அவள் வேலை நிற்கும், தூங்காவிட்டால் போகும். இதை நினைத்துக்கொண்டு எவன் தூங்குவான் சொல்லுங்கள்?

இன்ஷூரன்ஸ் ஒப்புதலுக்காக அரைநாள் காத்திருந்து வீடு வந்தோம். டாக்டர் சொன்னதில் என்னை மிகவும் உறுத்தியது, "தூக்கம் வராம படுக்கக் கூடாது" என்பதுதான். பத்து மணிக்குப் படுப்பதே எனக்குத் தடை. பதினொன்றரை வரை ஹாலில் மங்கின விளக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும். கண் சொக்கினால் மட்டும் கட்டிலுக்குப் போகலாம். போய் இருபது நிமிடம் போலத் தூக்கம் வராவிட்டால் மறுபடி எழுந்து ஹாலுக்கு வர வேண்டும். படுக்கையைப் பார்த்தால் உடம்புக்கு முழித்திருக்கும் ஞாபகம் வருகிறதாம், அதை மறக்கடிக்க வேண்டுமாம். இருபது நிமிடத்தையும் உத்தேசமாகத்தான் கணக்கிட வேண்டும். படுக்கையறைக் கடிகாரத்தை மெர்சி கழற்றி பீரோவில் வைத்துவிட்டாள். ஹாலில் படிக்க என்னுடைய பழைய பி.எட். பாடப் புத்தகத்தை எடுத்துவந்தேன். அந்தப் புத்தகத்தின் அருமை அப்போதுதான் தெரிந்தது, மூன்றாம் பக்கம் தாண்டியதே இல்லை.

எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலை ஐந்தரைக்கு எழுந்தே ஆக வேண்டும், ஞாயிற்றுக்கிழமையும். எழுந்ததும் வெயில் படும்படி ஒரு நடை. பள்ளியிலிருந்து வந்து நாலரை முதல் ஆறரை வரை நாற்காலியில் போடும் குட்டித் தூக்கத்துக்கும் முடிவு வந்தது. சாயங்காலம் பஜ்ஜி தின்றுவிட்டு ராத்திரிப் பசி இல்லை என்று சொல்கிற கதை அது என்றார் டாக்டர். பள்ளி வாசல் டீயும் மதியச் சாப்பாட்டோடு சரி. முதல் வாரம் நான்கு மணியானால் தலை வலித்து ஊரையே திட்டினேன். இரவுச் சாப்பாடு ஒன்பதரையிலிருந்து ஏழரைக்கு வந்தது. போன் சமையலறையில், மிக்ஸி பக்கத்தில் தூங்கும். அவசரம் என்றால் ஷீபா அம்மா எண்ணுக்கு அடிப்பாள். நீலப் புள்ளியை நிறுத்தச் சொல்லி நானே போனை அவளிடம் நீட்டினேன்.

கவலைக்கும் ஒரு நேரம் ஒதுக்கச் சொன்னார். மாலை ஏழு மணிக்குக் கால்மணி நேரம், ஒரு நோட்டில். 'டிரைவர் தூங்கிவிட்டால்?' என்று எழுதினேன். 'மழையில் மேடவாக்கத்தில் தண்ணீர் நின்றால்?' மறுநாள் நோட்டைத் திறந்தால் ஓரத்தில் பச்சை மையில் ஷீபாவின் எழுத்து. 'ரமேஷ் அண்ணா பகல் முழுக்கத் தூங்கிட்டுத்தான் வர்றாராம். கேட்டுட்டேன்.' 'தண்ணி நின்னா ஆபீஸ்லயே இருப்பேன். அங்க பெட் இருக்கு, காபி இருக்கு, உங்களை விட நல்லா இருப்பேன்.' சிவப்பு மையில் ஒரு டிக் போட்டேன். அதுவே தினசரி வழக்கமாகிவிட்டது. நேரில் பேசாததெல்லாம் அந்த நோட்டில் பேசிக்கொண்டோம்.

இத்தனைக்கும் முதல் இரண்டு வாரம் காது மட்டும் தூங்க மறுத்தது. டீசல் வண்டிச் சத்தம், கேட்டின் தாழ், சாவி திரும்புவது. அதன் பிறகுதான் கண் மூடும். மெர்சி ஒருநாள் சொன்னாள்: "நான் ஜெபம் பண்ணிட்டுத் தூங்கிடறேன். நீங்க ஜெபமும் பண்ணிட்டுக் காவலும் காக்கறீங்க. அப்ப யாரைத்தான் நம்பறீங்க?" எனக்குக் கோபம் வந்தது. இவளுக்கு அக்கறை இல்லை என்று மூன்று வருடமாக மனசுக்குள் குறை சொன்னவன் நான். அக்கறை அவளுக்கும் அதே அளவு இருந்திருக்கிறது, இறக்கி வைக்க ஓர் இடமும் இருந்திருக்கிறது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மறுநாள் காலை காபி நான் போட்டேன்.

மூன்றாம் வாரம் ஒரு பெருமழை. அதிகாலை நான்கு மணி வரை பி.எட். புத்தகமும் கைவிட்டுவிட்டது. அடுத்த நாளும் அப்படியே. பிரஷர் நூற்று அறுபது. அன்று ஷீபாவின் லேப்டாப் திறந்திருந்தது. ராஜினாமாக் கடிதம், தேதி மட்டும் போடாமல். தலைகீழாகப் படிக்க வேண்டிய அவசியம் இல்லாமல் நேராகவே தெரிந்தது. அன்று மாலை நோட்டில் 'ஷீபா வேலையை விட்டுவிட்டால்?' என்று எழுதினேன். மறுநாள் அந்த வரிக்குப் பக்கத்தில் பச்சை மை இல்லை.

அன்றிலிருந்து தூங்க முயற்சி செய்வதை விட்டேன். பதினொன்றரை, ஐந்தரை, டீ இல்லை, போன் இல்லை என்று நம் கையில் இருப்பதை மட்டும் செய்துவிட்டு, வந்தால் வரட்டும் என்று இருந்தேன். ஐந்தாம் வாரம் கேட்டின் தாழ்ச் சத்தம் கனவுக்குள் கேட்பதுபோல் கேட்டது. புரண்டு படுத்துத் தூங்கினேன்.

ஆறாவது வாரம் மறுபரிசோதனை. அன்று காலை மெர்சி போனில் அலாரம் அடித்துத்தான் எழுந்தேன். எழுந்ததும் நெஞ்சு திக்கென்றது. வண்டிச் சத்தம் கேட்கவில்லை, தாழ் கேட்கவில்லை, எதுவுமே கேட்கவில்லை. பதறி ஹாலுக்கு ஓடினால் ஷீபா சோபாவில் உட்கார்ந்து பல் தேய்க்கும் பிரஷோடு என்னைப் பார்த்தாள். "குளிச்சிட்டு வாங்கப்பா, சீக்கிரம் போனாத்தான் டோக்கன் கிடைக்கும்" என்றாள்.

மருத்துவமனையில் கல்பனா சிஸ்டர் கையில் பட்டையைச் சுற்றினார். காற்று இறங்கும் வரை நானும் ஷீபாவும் மூச்சு விடவில்லை. "நூத்தி இருபத்தெட்டுக்கு எண்பத்திரண்டு" என்றார். ஈ.சி.ஜி. தாளில் முண்டியடிக்கிற துடிப்பு ஒன்றுகூட இல்லை. ஷீபா போனை எடுத்து, அந்தக் கடிதத்தைத் தேடி அழித்துவிட்டு, என்னிடம் காட்டினாள்.

டோக்கன் இருபத்திரண்டு. பதினாறுதான் ஓடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் சாய்ந்தபடி அவள் சொன்னாள்:

"நேத்து நான் உள்ள வரும்போது நீங்க அசையவே இல்லப்பா. கதவு டமால்னு சாத்துச்சு, அப்பவும் அசையல. பயந்துட்டேன். உங்க ரூம்ல வந்து மூக்குகிட்ட கை வெச்சுப் பார்த்தேன்."

"பார்த்தாச்சுல்ல, போய்ப் படுக்க வேண்டியதுதானே?"

"போனேன். தூக்கம் வரல. திரும்ப வந்து பார்த்தேன். அப்புறம் அங்கயே தரையில உக்காந்துட்டேன். அஞ்சேகால் வரைக்கும் உங்க மூச்சையே பார்த்துட்டு இருந்தேன்."

திட்ட வாய் திறந்தேன். அதற்குள் அவள் தலை என் தோளில் விழுந்தது. வாய் லேசாகத் திறந்து, சின்ன வயதில் பஸ்ஸில் தூங்குவாளே, அதே தூக்கம். கூடம் இரைச்சலாக இருந்தது, யாருடைய குழந்தையோ அழுதது, கேன்டீன்காரர் கண்ணாடிக் குவளைகளைக் கலகலவென்று அடுக்கினார். அவளுக்கு எதுவும் கேட்கவில்லை. என் கை மரத்துப்போனது.

"டோக்கன் இருபத்திரண்டு" என்று கல்பனா சிஸ்டர் கதவைத் திறந்தார்.

"அடுத்தவரை அனுப்புங்க சிஸ்டர்" என்றேன், குரலைத் தாழ்த்தி. "பொண்ணு தூங்கறா."